நேசையன் பேசுகிற இடம்

அற்புதராணிக்கும் நேசையனுக்கும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. அத்தனை வருடத்தில் அவன் பேசியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு ஞாயிறு பூசைப் பிரசங்கத்துக்குக் காணாது என்று அவள் அஜ்மான் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற நர்சுகளிடம் சொல்லிச் சிரிப்பாள். "சாப்பிட்டாச்சா?" என்றால் "ம்." "குழம்பு எப்படி?" என்றால் "கொள்ளாம்." நன்றாயிருக்கிறது என்கிற அந்தக் "கொள்ளாம்" வருவதற்கே மீன் நெய்மீனாக இருக்க வேண்டும். மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாத மனிதன். குடிக்க மாட்டான், கத்த மாட்டான். அவளுக்கு டூட்டி முடிகிற நேரத்துக்குச் சரியாக ஆஸ்பத்திரி வாசலில் காரோடு நிற்பான். அவள் ஏறி உட்கார்ந்ததும் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுப்பான்.

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவன் நேசையன். அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் கடலில் பிழைத்தவர்கள். இவனுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வயதில் மூன்று தடவை வள்ளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று தடவையும் கரை மறைவதற்குள் குடலைக் கக்கிப் பலகையில் சுருண்டு கிடந்தான். "இவன் நமக்கு ஆவ மாட்டான்" என்று அப்பா ஐ.டி.ஐ.யில் கொண்டு சேர்த்தார். ஃபிட்டர் படித்து, துபாயில் சாரம் கட்டுகிற கம்பெனிக்கு ஹெல்பராக வந்து, சோனாப்பூர் கேம்பில் எட்டுப் பேர் படுக்கிற ரூமில் ஒருவனாகப் படுத்தான்.

ஒரு நாள் சைட்டில், கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவர்களுக்கு மொட்டைமாடியில் ஒரு கையாள் குறைந்தது. ஃபோர்மேன் கீழே நின்று, "கௌன் ஜாயேகா ஊப்பர்?" என்று, மேலே யார் போவது என்று, இந்தியில் கேட்டான். நாற்பத்திரண்டு மாடி. இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். நேசையன் கையைத் தூக்கினான். அங்கே பிடித்தது அவனுடைய தொழில். கயிறு எடுத்துக் கொடுத்தான், கயிறு கட்டப் படித்தான், பரீட்சை எழுதிச் சர்டிஃபிகேட் வாங்கினான். கோபுரம் கோபுரமாகத் தொங்கிக் கண்ணாடி மாற்றினான்.

அவனுடைய சூப்பர்வைசர் ஒருவர் விடுமுறை நாள்களில் ராஸ் அல் கைமா மலைகளில் பாறை ஏறுகிறவர். ஒரு தடவை துணைக்கு நேசையனைக் கூட்டிப்போனார். போனவன் மறு வாரமும் போனான். பிறகு அவர் இல்லாமலும் போனான். அங்கே மலையேற்றக்காரர்களைக் கூட்டிச்செல்கிற ஒரு சின்னக் கம்பெனி அவனைக் கவனித்து, பயிற்சி கொடுத்து, வார இறுதி வழிகாட்டியாக வைத்துக்கொண்டது. அப்படியே ஏழு குளிர்காலம் போயிற்று. அற்புதராணியைப் பொறுத்தவரை சனிக்கிழமை என்றால் வீட்டுக்காரன் இல்லாத நாள். அவ்வளவுதான்.

போன டிசம்பரில் அந்தக் கம்பெனி, முழுநேர வழிகாட்டியாக வந்துவிடுங்கள், விசாவும் எங்கள் பேரில் மாற்றித் தருகிறோம் என்றது. நேசையன் அதை வீட்டில் சொன்ன விதம் இதுதான்: சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கடிதத்தை வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

அற்புதராணி படித்தாள். எமர்ஜென்சி வார்டில் பதினேழு வருடம் நின்றவள். விழுந்து வருகிறவர்களை ஸ்ட்ரெச்சரிலிருந்து கையில் வாங்குகிறவள்.

"கம்பெனி வேலைய விட்டுட்டு மலையில போய் நிக்கப் போறியளா? ஒங்களுக்கு வயசு என்னன்னு தெரியுமா?"

"நாப்பத்தாறு" என்றான் நேசையன்.

கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது என்பதுபோல் சோற்றைப் பிசைந்தான். அன்றைக்கும் மறுநாளும் அதைப் பற்றி அவன் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடிதம் ஃபிரிட்ஜுக்கு மேலே கிடந்தது.

மகள் அக்ஸாதான் நடுவில் புகுந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. "மம்மி, நீங்க ஒரு தடவகூடப் போய்ப் பாத்ததில்ல. பாக்காம நோ சொன்னா, தட்ஸ் நாட் ஃபேர்" என்றாள்.

"போய்ப் பாத்துட்டே நோ சொல்லுகேன்" என்றாள் அற்புதராணி.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. கூட ஏற வேண்டியவர் ஒரே ஒருவர்தான், காயல்பட்டினத்துக் கலீலுர் ரஹ்மான். துபாய் தேராவில் அத்தர்க் கடை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயது, நல்ல தொப்பை. அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அதனால் நேசையனுக்கு அவர் கலீல் காக்கா. மலையடிவாரத்துக் கஃபட்டீரியாவில் கரக் டீயோடு காத்திருந்தார்.

"வாங்க சிஸ்டர். டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். ஒங்க மாப்பிள்ளை கையில மாட்டிக்கிட்டேன், ஏற ஆரம்பிச்சிட்டேன். நாலு வருஷம் ஆச்சு. சுகர் குறைஞ்சிடுச்சு, தொப்பைதான் போக மாட்டேங்குது."

வாதி என்கிற வறண்ட ஆற்றுப்படுகை வழியாக ஒன்றரை மணி நேரம் நடந்தார்கள். உருண்டைக் கற்கள், நடுவே அங்கங்கே ஓர் உடைமரம். பிறகு மலை எழும்பியது. இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே மதில் போல ஒரு பாறை முகடு மேலே ஏறிப் போயிற்று. அதன் விளிம்பு முழுக்க ஒடிந்த பற்கள். வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை. வழிகாட்டிகள் அதைச் சீப்பு என்பார்கள். அந்தச் சீப்பின் முதுகில்தான் உச்சிவரை போக வேண்டும்.

நேசையன் பையை இறக்கினான். அவளுக்கு இடுப்பு வாரை மாட்டிவிட முழங்காலிட்டு உட்கார்ந்தான். வாருக்கும் இடுப்புக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தான். கொக்கியைத் திருகி, இழுத்து, மறுபடி இழுத்துப் பார்த்தான். "இறுக்கமா இருக்கா மேடம்? மூச்சு முட்டினாச் சொல்லணும்" என்றான்.

"மேடமா?"

கலீல் காக்கா வெடித்துச் சிரித்தார். நேசையனின் காது சிவந்தது. "பழக்கம்" என்று முனகிவிட்டு எழுந்தான்.

பாறையில் கை வைத்ததும் அவன் வேறு ஆளாகிவிட்டான். அவன் முன்னால் ஏறி, ஒரு பாறைக்கொம்பில் கயிற்றை வளைத்து, உட்கார்ந்து, அவளைக் கூப்பிட்டான். பிறகு பேச ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை.

"இடது காலு. பைய. அங்கன ஒரு மூக்கு மாதிரி நீட்டிட்டு நிக்குதுல்லா, அதுல பெருவிரல் வச்சாப் போதும். முழுக் காலும் வேண்டாம். ஆங், அதுதான். இனி வலது கை. அந்தக் கல்ல நம்பாண்டாம், அது பொய் சொல்லும். பக்கத்துல உள்ளத தட்டிப் பாரு. சத்தம் கேட்டியா? கெட்டியா இருக்குல்லா? அதப் பிடி. ஒடம்ப நிமித்து. பாறைய அணைக்காண்டாம், அது ஒனக்க சொந்தக்காரன் இல்ல. கொள்ளாம், ராணி. ரொம்பக் கொள்ளாம்."

ஒரே மூச்சில் இரண்டு கொள்ளாம். அற்புதராணி பாறையில் ஒட்டிக்கொண்டு வாயைப் பிளந்தாள். இந்த மனிதனுக்குள் இவ்வளவு வார்த்தைகள் எங்கே இருந்தன? பத்தொன்பது வருடமாக எங்கே ஒளித்து வைத்திருந்தான்? சந்தோஷமா, பொறாமையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஊர் பேர் தெரியாத யார் யாருக்கோ ஏழு வருடமாகச் சனிக்கிழமைதோறும் இது கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவன் கற்களைத் தட்டிப் பார்க்கிற விதத்தை அவள் கவனித்தாள். டாக்டர் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டி நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பது போலவே இருந்தது. தட்டுவான், தலை சாய்ப்பான், கேட்பான். ஓட்டைச் சத்தம் வந்தால் அந்தக் கல்லில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவான், பின்னால் வருகிறவர்கள் தொடாமலிருக்க. பத்து மணிக்குள் அவளுக்கும் அந்தச் சத்தங்கள் பிரிந்து தெரிய ஆரம்பித்தன.

பாதி வழியில் முகடு ஒடுங்கியது. பதினைந்து அடி நீளத்துக்கு ஒரு முழ அகலம்கூட இல்லாத விளிம்பு. நின்று நடக்க முடியாது. குதிரை மேல் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு நகர வேண்டும். நேசையன் முதலில் போய் அந்தப் பக்கம் கயிற்றைக் கட்டினான். அற்புதராணி உட்கார்ந்து, மூன்று தடவை நகர்ந்தாள். பிறகு கீழே பார்த்துவிட்டாள். வலது காலுக்குக் கீழே ஒரு பருந்து பறந்துகொண்டிருந்தது. பருந்தின் முதுகை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

கை பாறையை விடவில்லை. கால் இருப்பதாகவே தெரியவில்லை.

"என்னால ஆவாது" என்றாள்.

கத்துவான், வா வா என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கயிற்றில் தன்னைப் பூட்டிக்கொண்டு திரும்பி வந்தான். அவளுக்கு எதிரே, முழங்காலும் முழங்காலும் இடிக்க, அதே விளிம்பில் உட்கார்ந்தான். அவசரமே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல் இருந்தான்.

"பயமா இருக்கா?"

"பின்ன இல்லியா?"

"எனக்கும் உண்டு."

"ஒங்களுக்கா?"

"தினமும் உண்டு. துபாயில மொதல்ல கயித்துல எறங்கின அன்னைக்கு, முப்பத்தெட்டாவது மாடியில, ஒரு ஆபீசுக்குள்ள ஒரு பெண்ணு உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு இருந்தா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அழுதுட்டுத் தொங்கினேன். அவ எழும்பி வந்து கண்ணாடியில கைய வச்சா. நானும் வச்சேன். அப்பதான் நடுக்கம் நின்னுது."

"இத எனக்கிட்ட சொன்னதே இல்லியே."

"நீ பயப்படுவ." அவள் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தான். "எல்லாரும் கேக்கானுவ, கடலுக்குப் பயந்தவன் மலையில என்ன செய்யுகான்னு. கடல்ல பிடிக்கதுக்கு ஒண்ணும் கெடையாது ராணி. எல்லாம் ஆடிட்டே கெடக்கும். இஞ்ச பிடிக்கதுக்கு இருக்கு. தேடினாக் கெடைக்கும். இப்ப ஒனக்க வலது கைக்கு ஒரு சாண் முன்னால பாரு, கெண்டி வாய் மாதிரி ஒண்ணு இருக்கா? அதப் பிடிச்சிட்டு, ஒரு சாண் நீங்கு. ஒரே ஒரு சாண். மிச்சத்த பொறவு பாப்போம்."

ஒரு சாண் நகர்ந்தாள். அவன் பின்வாங்கினான். இன்னொரு சாண். அப்படியே முகத்தை முகம் பார்த்தபடி அந்தப் பதினைந்து அடியையும் கடந்தார்கள். பின்னாலிருந்து கலீல் காக்கா, "மாஷா அல்லாஹ், கல்யாண ஊர்கோலம் மாதிரி ஈக்கிது" என்றார்.

உச்சிக்கு இன்னும் இரண்டு ஏற்றம் இருந்தது. ஒரு செங்குத்துச் சுவருக்குக் கீழே மூவரும் நின்றபோது மேலே ஆடுகள் ஓடின. முதலில் பொடிக் கற்கள் உதிர்ந்தன. "கல்லு!" என்று கத்திக்கொண்டே நேசையன் அற்புதராணியைச் சுவரோடு தள்ளி, மற்ற கையால் கலீல் காக்காவின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தான். தேங்காயளவு கல் ஒன்று அவன் முன்கையைக் கிழித்துக்கொண்டு பள்ளத்தாக்கில் போயிற்று. அது கீழே விழுந்த சத்தம் வர நெடுநேரம் ஆயிற்று.

அவன் முதலில் அவளைப் பார்த்தான், அடுத்தது காக்காவை. "யாருக்கும் பட்டுதா?" என்றான். கையிலிருந்து ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல" என்று கர்ச்சீப்பை எடுக்கப் போனான்.

"உக்காருங்க" என்றாள் அற்புதராணி.

அது வார்டில் பேசுகிற குரல். பெரிய டாக்டர்களே அந்தக் குரலுக்குத் தள்ளி நிற்பார்கள். நேசையன் உட்கார்ந்தான். அவள் பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கழுவினாள். இரண்டு அங்குலக் கிழிசல், ஆழம். துணியை வைத்து அழுத்தி, கையை அவன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். காக்காவை அந்தக் கையைத் தாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

"விரல மடக்குங்க. விரிங்க. ஒவ்வொண்ணா. பெருவிரலால சுண்டுவிரலத் தொடுங்க. இஞ்ச தொட்டாத் தெரியுதா? இஞ்ச?"

"தெரியுது."

"நரம்புக்கு ஒண்ணும் இல்ல. தையல் போடணும். அதுவரைக்கும் இந்தக் கைய வச்சு எதையும் இழுக்கப்பிடாது."

கட்டுப் போட்டு முடித்ததும் ரத்தம் படிந்த தன் கையை அவள் கழுவினாள். அவன் இடது கையால் அவள் விரல்களை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டான். கலீல் காக்கா மரியாதையாக, தூரத்தில் தெரிந்த கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்குவதென்றால் அந்தக் கத்தி விளிம்பை மறுபடி கடக்க வேண்டும். மேலே போனால் உச்சியிலிருந்து நடக்கிற பாதை இருக்கிறது. மேலேதான் போக வேண்டும் என்றான் நேசையன். சுவரை விட்டுவிட்டு, பக்கவாட்டில் படி போல் உடைந்திருந்த சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்து, காயம்பட்ட கையைச் சும்மா ஊன்றி, மெல்ல ஏறினான். மேலே கயிற்றைப் பூட்டினான். பூட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து காக்கா. ஏறுகிறவர் ஏற ஏறத் தளர்கிற கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவு கனமான ஆளுக்கு அது அவனால் ஒற்றைக் கையால் முடியாது.

"நீ இழு. நான் சொல்லித் தாறேன். இந்தக் கை எப்பவும் கயித்த விடப்பிடாது. எறும்பு கடிச்சாலும் விடப்பிடாது. அவரு வழுக்கினா ஒனக்க இடுப்புல மாட்டின இந்தக் கருவி தானே பூட்டிக்கிடும். இழு. பூட்டு. இழு."

தொண்ணூறு கிலோ அத்தர் வியாபாரியை அற்புதராணி உச்சிவரை கொண்டுவந்து சேர்த்தாள். நடுவில் அவர் ஒரு தடவை கால் வழுக்கித் தொங்கினார். கயிறு அவள் இடுப்பை இழுத்தது. விடவில்லை. "காக்கா, ஒங்களுக்க இடது முட்டுக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க" என்று அவள்தான் சொன்னாள். அவர் மேலே வந்து மல்லாந்து படுத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "ரெண்டு பேரும் என்னை ஒரே மாதிரி மிரட்டுறீங்க" என்றார்.

உச்சியில் காற்று குளிர்ந்தது. பரோட்டாவைப் பிய்த்து அவனுக்கு ஊட்டினாள். இறங்கும் வழியில், யாரோ எப்போதோ கல்லடுக்கிக் கோதுமை விதைத்த பழைய வயல்களையும், கூரை விழுந்த கல்வீடுகளையும் தாண்டிப் போனார்கள். நேசையன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இருவரையும் எண்ணிக்கொண்டான். இரண்டு பேரை எண்ண என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

அஜ்மானுக்குக் காரை அவள் ஓட்டினாள். 311 ரோட்டில் ஏறியதும் அவன் பழைய நேசையனாகிவிட்டான். "வலிக்குதா?" "ம்." "தண்ணி வேணுமா?" தலையசைப்பு. கொஞ்ச தூரம் போனதும் அவள் சொன்னாள்:

"அந்தக் கம்பெனிக்குச் செரின்னு சொல்லிருங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். "கை இப்பிடிக் கெடக்கும்போதா சொல்லுக?"

"கை கெடக்கதப் பாத்துதான் சொல்லுகேன். கல்லு விழுந்தப்ப நீங்க ஒங்களுக்க கையப் பாக்கல. மொதல்ல எங்க ரெண்டு பேரையும் பாத்திய. எனக்கு வார்டுல அப்பிடி ஒரு ஆளு கெடைச்சா நான் விடமாட்டேன்."

அவன் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.  அவளும் விட்டுவிட்டாள். அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே ஏழு தையல் போட்டார்கள். ஊசி குத்தும்போது முகத்தைச் சுளித்தவனைப் பார்த்து, நர்சு சுபிஷா, "மலையில தொங்குறவரா அக்கா இவரு?" என்று கேட்டாள்.

மார்ச்சில் விசா மாறியது. முதல் மாதம் அற்புதராணி தினமும் மூன்று தடவை ஃபோன் செய்தாள். பிறகு ஒரு தடவை. முதலுதவிப் பையை மட்டும் அவள்தான் அடுக்குவாள். அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

ஜூன் வந்ததும் வெயிலில் பாறை அடுப்புக்கல் ஆகிவிடும். யாரும் ஏற மாட்டார்கள். நேசையன் வீட்டிலிருந்தான். கம்பெனிக் கயிறுகளை எல்லாம் கொண்டுவந்து குளியல் தொட்டியில் ஊறப்போட்டு அலசி, ஹாலில் நாற்காலிக்கு நாற்காலி கட்டி நிழலில் காயவைத்தான். டூட்டி முடிந்து வந்த அற்புதராணி, சமையலறைக்குப் போக எட்டுக் கயிறுகளைக் குனிந்து தாண்ட வேண்டியிருந்தது. "இது வீடா, வலைக் கொட்டகையா?" என்று சத்தம் போட்டாள். அவன் தரையில் உட்கார்ந்து, ஒரு கயிற்றை அங்குலம் அங்குலமாக விரலால் தடவிக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில் நின்றான். மறுபடி தடவினான். அவளைக் கூப்பிட்டு, அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான். உள்ளே மெத்தென்று, பழுத்த பழம் போல இருந்தது.

"போச்சா?" என்று கேட்டாள்.

"போச்சு."

பார்க்கப் புதிது போலிருந்த அந்த ஆரஞ்சுக் கயிற்றை, இனி யாரும் அதில் தொங்கிவிடாதபடி, அவன் யோசிக்காமல் துண்டு துண்டாக வெட்டினான். அடுத்த வாரம் லீவில் ஊருக்குப் புறப்பட்டபோது அக்ஸா அதை வைத்துத்தான் மூன்று அட்டைப்பெட்டிகளையும் கட்டி, மேலே மார்க்கரால் அப்பா பெயரை எழுதினாள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் பெட்டிகள் சுற்றி வரும்போது, அவர்களுடையவை தூரத்திலேயே தெரிந்தன.